இரண்டு பிளக்குக்கும் பொட்டு

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வாக்கப்பட்டு வருகிற பெண் மீன் விற்கப் போவாள், இல்லாவிட்டால் கருவாடு காயப்போடுவாள். அம்பிகா இரண்டையும் செய்யவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு பற்றவைத்தவள். வந்த ஆறாம் மாதமே வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, சால்டரிங் அயர்னைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மீன்காரன் பொண்டாட்டி ரேடியோக்காரியா பூட்டா" என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு மிக்சியையும் போனையும் தூக்கிக்கொண்டு அவள் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். சிரித்தவர்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கவைப்பாள். அவ்வளவுதான் அவளுடைய வன்மம்.

மற்றபடி பயந்த சுபாவம். கடல் என்றால் பயம், வோல்டேஜ் என்றால் அதைவிடப் பயம். கடல் வருகிறேன் என்று சத்தம் போட்டுக்கொண்டு வரும், வோல்டேஜ் சத்தம் போடாது என்பாள்.

போட்டுகளுக்குச் சாட்டிலைட் சேதிப் பெட்டி வந்தபோது ஊரில் பதினோரு போட்டுக்கும் மாட்டிக்கொடுத்தவள் அவள்தான். காற்று வருகிறது, திரும்பு என்று கரையிலிருந்து அனுப்பினால் பெட்டியில் வந்துவிடும். போட்டு எங்கே நிற்கிறது என்பதும் கரையில் இருப்பவர்களின் போனில் ஒரு புள்ளியாகத் தெரியும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று போதும் அதற்கு. இரண்டு மடங்கு கொடுத்தால் உள்ளே இருக்கிற சில்லுகள் பொசுங்கிவிடும்.

பத்துப் போட்டில் ஆளுக்கு ஒரே பேட்டரி, வம்பில்லை. அவள் புருஷன் பூபதியின் போட்டில்தான் வம்பு. அவனுக்கு வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஹைவே ஓரத்தில் பழைய லாரி உடைக்கிற கடைக்குப் போய் ஒரு மோட்டாரைத் தூக்கிவந்து, வலை இழுக்க மாட்டிக்கொண்டான். லாரி மோட்டார் என்றால் இருபத்துநாலு வோல்ட். அதற்காக இரண்டு பேட்டரியை வரிசையாகத் தொடுத்தான். முதல் வாரமே மோட்டாருக்குப் போகிற ஒயரைப் பெட்டிக்குக் கொடுத்துப் பெட்டியைப் பொசுக்கினான். புதுப் பெட்டி வாங்கி வருவதற்குள் அம்பிகா அலைந்த அலைச்சல் அவளுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் ஒரு காவல் டப்பா செய்தாள். சோப்பு டப்பா அளவுதான். உள்ளே ஒரு பியூஸ், ஒரு டையோடு. வோல்டேஜ் அளவுக்கு மீறி வந்தால் டையோடு மொத்தக் கரண்டையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும், பியூஸ் எரிந்து வழியை அறுக்கும், பின்னால் இருக்கிற பெட்டி பிழைத்துக்கொள்ளும். உப்புக்காற்று புகாமல் மூடியைச் சுற்றிப் பசை போட்டு அடைத்தாள். மூடியின் உட்புறம் இரண்டு ஸ்பேர் பியூஸையும் டேப் போட்டு ஒட்டிவைத்தாள். ஒட்டியதைப் புருஷனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? வீட்டில் பியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் சில்வர் தாளைச் சுருட்டி வைக்கிற ஆள் அவன்.

"மூடியில கை வச்சே, உனக்கு இந்த வூட்ல சோறு கெடையாது" என்று மட்டும் சொன்னாள்.

"உன் டப்பாவ நான் ஏம்மே தொடப்போறேன்" என்றான் பூபதி.

பேட்டரிப் பக்கத்திலிருந்து இரண்டு ஒயர்: ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வருவது பன்னிரண்டு வோல்ட், இரண்டும் சேர்ந்து வருவது இருபத்துநாலு. இரண்டின் முனையிலும் கறுப்பு பிளக். ஒரே பாக்கெட்டில் வாங்கியவை, இரண்டும் ஒரே சாடை, எது எதில் வேண்டுமானாலும் சேரும். இருபத்துநாலு வோல்ட் பிளக்கில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டு வைத்தது மோட்டாருக்கு, வெறுமனே இருப்பது பெட்டிக்கு. பூபதி இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். ஒரு வருஷம் ஒரு தப்பும் நடக்கவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பேட்டரியை எல்லாம் கழற்றிக் கழுவித் துடைத்து, பூஜை முடிந்து, விடிய நாலு மணிக்கே பூபதியும் அவன் தம்பி விக்கியும் கடலுக்குப் போயிருந்தார்கள். ஏழு மணி இருக்கும். அம்பிகா யாருடைய போனுக்கோ சார்ஜ் ஏறாத இடத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பவித்ரா ஒரு கிண்ணத்தில் நேற்றைய சுண்டலோடு வந்து சேர்ந்தாள். பவித்ரா விக்கியின் மனைவி. மார்ச்சில்தான் கல்யாணம் ஆனது. புருஷன் வீட்டில் அவளுக்கு இது முதல் ஆயுத பூஜை. போட்டை அலங்காரம் பண்ணுகிற வேலையை நான்தான் செய்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டவள்.

"அக்கா, நேத்து நீ அடுப்பாண்டையே நின்னுட்ட. போட்டு எப்டி இருந்துச்சு பாத்தியா? இரு, காட்டறேன்."

போனை நீட்டினாள். முனையில் சாமந்தி மாலை, என்ஜினுக்குச் சந்தனம், மோட்டாருக்குச் சந்தனம், பேட்டரிக்கு மூன்று பட்டை விபூதி. அழகாகத்தான் இருந்தது. அம்பிகா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நாலாவது போட்டோவில் அவள் விரல் நின்றுவிட்டது.

"இன்னா பவித்ரா இது? இந்த பிளக்ல?"

"குங்குமம்க்கா. ஒண்ணுக்கு மட்டும் பொட்டு இருந்துச்சு. அதோட ஜோடி வெறும் நெத்தியா கெடந்துச்சு. கடலுக்குப் போற போட்டுல ஒண்ணை மட்டும் மூளியா வுடலாமா சொல்லு? எனக்கு மனசு கேக்கல. அதான் ரெண்டுக்கும் பெருசா வச்சி, மேல கொஞ்சம் எண்ணெய் தொட்டு அழுத்தி வுட்டேன். அழியவே அழியாது."

சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றாள் அந்தப் பெண். அம்பிகாவுக்குக் கையில் இருந்த அயர்னை ஸ்டாண்டில் வைக்கத் தெரியவில்லை. மேஜை விரிப்பு புகைந்தது. "அக்கா, அக்கா, பொசுங்குது" என்று பவித்ராதான் எடுத்துவைத்தாள்.

கெட்டது குடி என்று நினைத்தாள் அம்பிகா. மூளை ஓடியது. இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்திருப்பான். இரண்டும் சிவப்பு. ஏதோ ஒன்றை எடுத்துச் சொருகியிருப்பான். பாதிக்குப் பாதி வாய்ப்பு. சரியாகச் சொருகியிருந்தால் பிழைத்தார்கள். மாற்றிச் சொருகியிருந்தால் காவல் டப்பா தன் வேலையைச் செய்திருக்கும். பியூஸ் போயிருக்கும். பெட்டி பொசுங்கியிருக்காது. ஆனால் பெட்டி பேசாது. கரை கூப்பிட்டாலும் கேட்காது.

ஐயோ, அந்த டப்பாவை எவ்வளவு பெருமையாகச் செய்தேன் என்று நினைத்தாள். பெட்டியைக் காப்பாற்ற வழி செய்தாள். பெட்டி வாய் மூடிவிட்டால் போட்டில் இருக்கிறவர்களை எது காப்பாற்றும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. ஸ்பேர் பியூஸ் இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன, மூடிக்குக் கீழே, அவன் கைக்கு ஒரு விரற்கடை தூரத்தில். திறக்கமாட்டான். உலகத்தில் யார் சொன்னாலும் கேட்காத மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெண்டாட்டி சொல்லைத் தட்டமாட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மைக் கரகரத்தது. ஊர்த் தலைவர் ஆதிநாராயணனின் குரல். "வாடைக்காத்து பலமா வருதுன்னு சேதி வந்துருக்குது. யாரும் போட்ட எறக்க வாணாம். போன போட்டுக்கெல்லாம் பொட்டியில சேதி போயிடுச்சி. திரும்பிக்கினு இருக்காங்க. பொம்பளைங்க யாரும் பயப்பட வாணாம்."

"நல்லவேளை, நீ பொட்டி மாட்டிவுட்ட" என்றாள் பவித்ரா.

அம்பிகா செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். பவித்ரா பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பினால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்று திரும்பவில்லை.

ஆதிநாராயணன் கோயிலை ஒட்டின சங்கக் கட்டடத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பெரிய போன், அதில் நீலக் கடல், கடலில் புள்ளிகள்.

"வாம்மா. பத்து போட்டும் திரும்பி வருது பாரு. உங்களுதுதான் தேவலை, கரையிலயே நிக்குது. பூபதி இன்னிக்கி போவலையா?"

போனை வாங்கிப் பார்த்தாள். கரையில் ஒரு புள்ளி, பக்கத்தில் நேரம். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டி கடைசியாகப் பேசிய நேரம் அது. அதற்குப் பிறகு பெட்டிக்கு உயிரே வரவில்லை. போட்டு கரையில் பத்திரமாக இருக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. பத்திரமாக இருப்பவர்களை யார் தேடுவார்கள்?

"நாலு மணிக்கே பூட்டாங்கண்ணே" என்றாள். "ரெண்டு பேரும். பொட்டி வேலை செய்யலண்ணே."

"நீதானம்மா மாட்டுன?"

"நான்தாண்ணே."

ஆதிநாராயணன் நல்ல மனுஷன், ஆனால் பதற்றம் வந்தால் கத்துவார். "வேலை செய்யாத பொட்டிய வச்சிக்கினு எப்டிமா கடலுக்கு வுட்ட? சேதி போயிடுச்சி, பயப்படாதீங்கன்னு நான் இப்பதான மைக்ல சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டார். பூபதியின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. விக்கியின் போனும் அப்படியே. திரும்பிக்கொண்டிருந்த பத்துப் போட்டுக்கும் பெட்டி வழியாகவே சேதி அனுப்பினார்: பூபதி போட்டைப் பார்த்தால் கூடக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்துப் பேரின் பெட்டிக்கும் காது இருந்தது. கேட்டார்கள், பார்த்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எட்டு மணிக்குக் காற்று வந்தது. மணல் காலில் குத்தியது, காயப்போட்ட வலைகள் புரண்டன. போட்டுகள் ஒவ்வொன்றாக அலைக்கு மேல் ஏறி இறங்கிக் கரையில் வந்து விழுந்தன. ஒவ்வொரு போட்டுக்கும் அம்பிகா முட்டளவு தண்ணீரில் ஓடிப்போய்க் கேட்டாள். விடிவதற்கு முன்னால் வடக்கே போனதைப் பார்த்தேன் என்றான் ஒருவன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான். பத்தும் வந்து சேர்ந்தன. பதினோராவது வரவில்லை.

பவித்ரா எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியாது. யாரோ அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"பொட்டி ஏன்க்கா வேலை செய்யல?"

"தெரியலடி."

"எல்லா பொட்டியும் வேலை செய்யுது. நம்மளுது மட்டும் ஏன்க்கா? போட்டோவ பாத்ததும்தான நீ ஓடுன?" பிறகு அவள் உதடு கோணியது. "நான் வச்ச பொட்டாலயாக்கா?"

பொய் சொல்லலாம் என்றுதான் அம்பிகா வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "அடையாளம் வச்சது நான். அது எதுக்குன்னு வூட்ல அவரைத் தவிர ஒருத்தர்கிட்டயும் சொல்லாதது நான். ஒரே சாடையில ரெண்டு பிளக்க வாங்குனதும் நான்தான். நீ இன்னாடி பண்ணுவ, நீ நல்லதுதான நெனச்ச?" என்றாள். கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. தப்பாகச் சொருக முடிகிற எதையும் ஒருநாள் யாராவது தப்பாகச் சொருகுவார்கள், அதனால் சொருகவே முடியாதபடி செய் என்பார்கள். எட்டு வருஷம் அப்படியே செய்தவள். சொந்தப் புருஷன் ஏறுகிற போட்டுக்கு நெயில் பாலிஷ் போதும் என்று நினைத்துவிட்டாள். இதை நினைக்க நினைக்கத் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடலில் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு அம்பிகாவின் போன் அடித்தது. பழவேற்காடு பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிற சம்சுதீன் பாய். சாமான் வாங்குவது எல்லாம் அவரிடம்தான். இந்த நேரத்தில் இவர் எதற்கு என்று நினைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி எடுத்தாள்.

"அம்பிகாம்மா, ஒரு பேஜாரு" என்றார் பாய். "உன் வூட்டுக்காரரு ஒரு மணி நேரமா இங்க உக்காந்துனு இருக்காரு. ஒரு டப்பாவக் குடுத்து ரிப்பேர் பண்ணுன்றாரு. தெறந்தாதான பண்ண முடியும்னா, தெறக்க வாணான்றாரு. உங்கிட்ட சொல்ல வாணான்னும் சொன்னாரு. நான் இன்னாதான் பண்றது?"

அம்பிகா மணலில் உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்காரா பாய்?" என்று கேட்டாள்.

"டீ குடிச்சினு இருக்காரும்மா."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சுற்றி நின்றவர்களுக்கே தெரியவில்லை. ஆதிநாராயணன் போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "வரட்டும் அவன், தோலை உரிக்கிறேன்" என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பவித்ராவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்பிகா ஸ்கூட்டியில் ஏரிப் பாலத்தைத் தாண்டின வேகத்தில் அந்தக் காற்றில் யாரும் போயிருக்கமாட்டார்கள். பாய் கடையில் பூபதி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் பெட்டி, அதன்மேல் காவல் டப்பா. ஈரம் படக்கூடாது என்று தன் சட்டையைக் கழற்றிச் சுற்றியிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவள் அவன் தோளில் நாலு அடி போட்டாள். வலிக்கிற தோள் பார்த்துத்தான் போட்டாள்.

"அடிக்காதமே. நான் சொல்றத கேளு. அலையத் தாண்டினதும் பிளக்க மாட்டுனேன். டார்ச் அடிச்சா ரெண்டும் செவப்பு. சரி இதுதான்னு ஒண்ண சொருகுனேன். மோட்டார ஒரு சுத்து வுட்டுப் பாத்தா சுத்தல, முனகுது. அப்பதான் மாத்திட்டோம்னு தெரிஞ்சுது. பொட்டியப் பாத்தா பச்சை லைட்டு இல்ல. மறுபடி சரியா சொருகியும் வரல. பொட்டி செத்த பெறவு கடல்ல நிக்க எனக்கு மனசு ஒப்பல. விடிஞ்சதும் வலையே போடாம திரும்பிட்டேன்."

"நான் ரெண்டு தடவை போட்டுட்டுப் போலாம்னேன் அண்ணி" என்றான் வாசலில் நின்ற விக்கி. பவித்ரா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் கேக்கல. கரைக்கும் வராம முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள பூந்து, நேரா இங்க இட்டாந்துட்டாரு. நீ பாக்கறதுக்குள்ள சரி பண்ணிடணும்னு. என் போனையும் வாங்கி அணைச்சிட்டாரு."

அம்பிகா பாயின் கத்தியை வாங்கி மூடியின் பசையை அறுத்தாள். பியூஸ் உள்ளே கறுத்துக் கிடந்தது. மூடியின் அடியில் இரண்டு ஸ்பேர் பியூஸ் பளபளத்தன.

பூபதி குனிந்து பார்த்தான். "உள்ளயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சொல்லவே இல்லியே நீ."

"சொன்னா நீ நோண்டுவன்னு சொல்லல."

அவன் டப்பாவில் சுற்றியிருந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். அவன் திருப்பி அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புதுப் பியூஸைப் போட்டு, பாய் கடையிலிருந்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் கொடுத்து, வானம் தெரியட்டும் என்று பெட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை விளக்கு வந்தது. பிறகு பெட்டி பீப் என்றது, நிறுத்தாமல் பீப் பீப் என்று கத்தியது. காலையிலிருந்து காத்துக் கிடந்த சேதியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தது. விக்கி படித்தான். ஐந்து ஐம்பத்திரண்டு, காற்று வருகிறது. ஆறு பத்து, கரைக்குத் திரும்பு. ஆறரை, உடனே திரும்பு. ஏழு மணி, திரும்பு. மேலே படிக்காமல் நிறுத்திவிட்டான். ரெண்டு தடவை வலை போட்டிருந்தால் ஒன்பது மணி வரைக்கும் வடக்கே நின்றிருப்பார்கள். பாய்கூடக் கல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போனை ஏன்யா அணைச்ச?" என்று அம்பிகா மெல்லக் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்க செத்துப் பொழைச்சிருக்கமாட்டேன்ல?"

பூபதி தலையைச் சொறிந்தான். "ரேஞ்சு வந்ததும் நீதான் மொதல்ல போன் பண்ணுவ. எடுத்ததும் இன்னா கேப்ப? பொட்டி நல்லா இருக்குதா, பச்சை எரியுதா. ஒரு வருசமா அதான கேக்கற. நான் நல்லா இருக்கேனான்னு ஒருநாள் கேட்டியா? செத்துப்போன பொட்டிய வச்சிக்கினு நான் இன்னான்னு பதில் சொல்றது?"

பெட்டி நன்றாக இருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்றுதானய்யா அர்த்தம் என்று அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது. டப்பாவின் மூடியை எடுத்து வைத்து அழுத்தினாள். கணக்கு சரிதான். கேட்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே இரண்டு பிளக்கையும் வெட்டி எறிந்தாள். மோட்டாருக்கு உருண்டை ஊசி வைத்த பெரிய பிளக், பெட்டிக்குத் தட்டையான சின்ன பிளக். கண்ணைக் கட்டிக்கொண்டு சொருகினாலும் ஒன்று மற்றதில் ஏறாது. காவல் டப்பாவுக்குக் கையால் திருகுகிற மூடி. பூபதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் கையாலேயே மூன்று தடவை பியூஸை மாற்றவைத்தாள். வேலை முடிந்து பார்த்தால் பவித்ரா தள்ளி நின்றுகொண்டிருந்தாள், குற்றவாளி மாதிரி.

"இன்னாடி அங்கேயே நிக்கற? குங்குமத்த எடுத்தாந்து ரெண்டுக்கும் வையி" என்றாள் அம்பிகா.

கடல் அடங்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் போட்டு போனது. காலை எட்டரைக்கு அம்பிகா போன் போட்டாள். மணி அடித்தது, பூபதி எடுத்தான். என்ஜின் சத்தமும் காற்றும் கலந்து கேட்டது. பெட்டி என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"தோளு எப்டியா இருக்குது?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

"நல்லா இருக்குதுமே" என்றான் பூபதி. கொஞ்சம் பொறுத்து, "பச்சை எரியுது" என்றான்.